துணியில் எழுதிய விண்ணப்பம்

மொழி தெரியாத ஊரில் தனியாக மாட்டிக்கொண்டால் நாம் எப்படி உதவி கேட்போம்? போர்க்காலத்தில் விமானம் விழுந்து, அந்நிய மண்ணில் உயிர்தப்பி நின்ற விமானிகளுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. அதற்காக அவர்கள் எடுத்துச் சென்ற துணிச்சீட்டுக்கு 'பிளட் சிட்' என்று பெயர்.

இரண்டாம் உலகப் போரில் சீனாவுக்காகப் பறந்த 'பறக்கும் புலிகள்' எனும் அமெரிக்க விமானிகள், இதை மேற்சட்டையின் முதுகில் தைத்திருந்தார்கள். போரில் உதவ வந்த இந்த வெளிநாட்டவரைப் படைவீரரும் பொதுமக்களும் காப்பாற்ற வேண்டும் என்று அதில் சீன மொழியில் எழுதியிருந்தது. வியட்நாம் போர்க்காலச் சீட்டில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 'உங்கள் மொழி எனக்குத் தெரியாது. உணவும் உறைவிடமும் பாதுகாப்பும் தாருங்கள். என் அரசு வெகுமதி தரும்' என்பதே அதன் சாரம். உதவியவர் பின்னர் வெகுமதி கேட்க, சீட்டில் வரிசை எண்ணும் உண்டு.

ஆனால் உதவுபவருக்கு வரக்கூடிய ஆபத்து அதில் எழுதப்படவில்லை. 1942 ஏப்ரல் 18 அன்று ஜப்பான்மீது குண்டு வீசிய 16 அமெரிக்க விமானங்களில் 15 விமானங்களின் வீரர்கள் சீனாவில் இறங்க நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோரைச் சீனக் கிராம மக்களும் வீரர்களும் காப்பாற்றினார்கள். அதன்பின் அப்பகுதிகளில் ஜப்பானியப் படை நடத்திய பழிவாங்கலில் பல்லாயிரம் மக்கள் மாண்டார்கள்.

கேட்பவருக்கு ஒரு துண்டுத் துணி போதுமாயிருந்தது. கொடுத்தவர்களோ தங்கள் வீட்டையும் உயிரையும் கொடுத்தார்கள். அந்நியர் ஒருவர் நம் வாசலில் நிற்கும்போது, பெயர் தெரியாத அந்த ஏழை விவசாயிகளை நாம் நினைத்துக்கொள்வோம்.