பத்து டாலருக்கு நாலு சுவர்

'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையைப் பத்தி நீங்க கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீங்க. 1845 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் அதைத் தொடங்கியவர் யார் தெரியுமா? விஞ்ஞானியும் இல்லை, பேராசிரியரும் இல்லை. ஊர் ஊராப் போய் வீட்டுச் சுவர்ல படம் வரைஞ்ச ஒரு பெயிண்டர்! பெயர் ரூஃபஸ் போர்ட்டர்.

1792-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு ரொம்பக் குறைவு. வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சார், கடைகளுக்கு போர்டு எழுதினார், ஆளைப் பார்த்து உருவப்படம் வரைஞ்சார். முகத்தின் பக்கவாட்டு நிழலைக் காகிதத்தில் வெட்டிக் கொடுக்க அவர் வாங்கிய கூலி 20 சென்ட். அவரை இன்னிக்கும் நினைவில் வச்சிருக்கிறது, 1820-களிலிருந்து 1840-கள் வரை நியூ இங்கிலாந்து வீடுகளில் அவர் வரைஞ்ச சுவர் ஓவியங்கள்தான்.

அந்தக் காலத்துப் பணக்காரங்க வரவேற்பறையில் பிரான்ஸிலிருந்து வந்த இயற்கைக் காட்சி வால்பேப்பர் ஒட்டுவாங்க. ஒரு செட் அச்சடிக்கவே ஆயிரத்துக்கும் மேல மர அச்சுகள் தேவைப்படும். விலையைக் கேட்கவே வேண்டாம். சாதாரண விவசாயி வீட்டுக்கு அது எட்டாக்கனி. போர்ட்டர் இந்த இடைவெளியைப் பிடிச்சுக்கிட்டார். ஒரு வரவேற்பறையின் நாலு சுவரையும் அஞ்சு மணி நேரத்துக்குள்ள, பத்து டாலர் செலவுல முடிச்சிடலாம்னு தன் பத்திரிகையிலேயே எழுதினார்.

எப்படி முடிஞ்சது? செய்முறையை 1825-ல் வெளியிட்ட தன் புத்தகத்திலேயே அவர் சொல்லிட்டார். ஏறக்குறைய ஒரு லேப் மேனுவல் மாதிரி இருக்கும்.

முதல்ல, ஒரு கேலன் தண்ணியில அரை பவுண்டு வஜ்ஜிரத்தைக் கரைக்கணும். ஆசாரிகள் மரம் ஒட்டக் காய்ச்சுவாங்களே, அதே வஜ்ஜிரம்தான். எல்லா நிறத்தையும் இதுலதான் கலக்கணும். அடுத்து, அறையைச் சுத்தி நெஞ்சு உயரத்துல ஒரு கோடு. அதுதான் தொடுவானம். மேலிருந்து அந்தக் கோட்டுக்கு ஆறு அங்குலம் முன்னாடி வரை சாக்கட்டித் தூளும் அவுரி நீலமும் கலந்த வான நிறம். மிச்சமிருக்கிற ஆறு அங்குலத்துக்கு லேசான செம்மஞ்சள். ரெண்டும் ஈரமா இருக்கும்போதே பிரஷ்ஷால இழைச்சு விடணும். வானம் ரெடி.

மரங்களுக்கும் கணக்கு உண்டு. தூரத்து மரம் ஒண்ணு ரெண்டு அங்குலம். கொஞ்சம் கிட்ட இருக்கிறது ஆறிலிருந்து பத்து அங்குலம். முன்னணியில் நிக்கிற மரம் சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு. தூரம் கூடக்கூட ஒவ்வொரு நிறத்திலும் வான நீலத்தைக் கூடுதலா சேர்க்கணும். காற்று ஒளியைச் சிதறடிக்கிறதால தூரத்து மலை நீலமாத் தெரியுதுன்னு நாம ஃபிஸிக்ஸ்ல படிக்கிறோம். ராலே அந்தச் சமன்பாட்டை எழுதறதுக்குப் பல வருஷம் முன்னாடியே போர்ட்டர் அந்த விளைவை டப்பாவில் கலந்துட்டார். வீடு, கப்பல் மாதிரி திரும்பத் திரும்ப வர்றதுக்கு ஸ்டென்சில் வெட்டி வச்சிருந்தார்.

வரைஞ்சதும் வெளிநாட்டு இடிபாடுகளை இல்லை. ஏரி, மேட்டு நிலப் பண்ணை, துறைமுகம், பெரிய எல்ம் மரங்கள்னு அந்த ஊர் ஜனங்க தினமும் பார்த்த காட்சிகளைத்தான்.

இப்ப சிக்கலுக்கு வருவோம். ஆளி விதை எண்ணெயில் கலந்த பெயிண்ட் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிஞ்சு இறுகிடும். ஈரச் சுண்ணாம்பில் வரைஞ்ச ஓவியம் சுவரோடவே கல்லாகிடும். வஜ்ஜிரம் அப்படி இல்லை. அது விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற புரதம். தண்ணி ஆவியானதும் காய்ஞ்சிடும். ஈரம் பட்டா மறுபடியும் இளகிடும். எது அஞ்சு மணி நேரத்துல வேலையை முடிக்க விட்டதோ, அதுவே ஓவியத்துக்கு எமனாச்சு. ஈரத்துணியால அழுத்தித் துடைச்சாலே நிறம் கையோட வந்துடும். ஃபேஷன் மாறினப்போ பல வீடுகள்ல அதுமேல வால்பேப்பர் ஒட்டினாங்க. அந்தக் காகிதம் சில இடங்கள்ல ஓவியத்தை வெயிலிலிருந்தும் அழுக்கிலிருந்தும் காப்பாத்துச்சு. ஆனா அதைத் தண்ணி தெளிச்சு உரிக்கும்போது கீழே இருந்த ஏரியும் மரமும் சேர்ந்தே போயிடும்.

இன்னொரு சிக்கல், பெரும்பாலான சுவர்கள்ல கையெழுத்தே கிடையாது. செய்முறை புத்தகமா வெளியே வந்தாச்சு, அவரோட சகோதரி மகனான ஜொனாதன் பூர் உட்படப் பலரும் அதே பாணியில வரைஞ்சாங்க. எது யார் கைவேலைன்னு பிரிக்கிறதே பெரிய ஆராய்ச்சி. போர்ட்டரோட பெயரை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் ஜீன் லிப்மன் என்ற ஆய்வாளருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் எழுதிய போர்ட்டர் வரலாறு 1968-ல் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் வெஸ்ட்வுட்டில் ஒரு வீட்டில் போர்ட்டர் கையெழுத்தும் 1838 என்ற வருஷமும் உள்ள ஓவியங்கள் கிடைச்சது, மத்த சுவர்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் மாதிரி ஆச்சு. மெய்ன் மாநிலத்துப் பிரிட்ஜ்டனில் இப்ப அவர் பேரில் ஒரு மியூசியமே இருக்கு.

மனுஷன் பெயிண்டோட நிக்கலை. நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மூணே நாள்ல பறக்கலாம்னு 1849-ல் ஓர் ஆகாயக் கப்பல் திட்டம் வெளியிட்டார். சின்ன மாடல்கள் பறந்துச்சு, பெரிய கப்பல் எழும்பவே இல்லை. பத்திரிகையை ஒரு வருஷத்துக்குள்ள வித்துட்டு அடுத்த ஐடியாவுக்குப் போயிட்டார்.

நம்மில் சிலர் நாளைக்கு ஏதாவது பழைய வீட்டு ரெனவேஷன் சைட்ல நிக்கப் போறோம். "சுரண்டிட்டு புதுசா அடிச்சுடலாம் சார்"னு கான்ட்ராக்டர் சொல்வார். அப்போ ஒரு மூலையில், உள்ளங்கை அளவுக்கு மட்டும், தண்ணி படாம மேல்பூச்சை மெதுவா எடுத்துப் பாருங்க. கீழே நிறம் ஏதாவது தெரிஞ்சா வேலையை நிறுத்துங்க, போட்டோ எடுங்க, தெரிஞ்ச ஒரு கன்சர்வேட்டரைக் கூப்பிடுங்க. அஞ்சு மணி நேரத்துல வரைஞ்சதை அழிக்க அஞ்சு நிமிஷம் போதும்.