எந்தப் பள்ளி எம் குழந்தைக்கு ஏற்றது?

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "சாதாரணப் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா?" குறைபாட்டின் பெயரை மட்டும் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. ஆட்டிசம் உள்ள இரு குழந்தைகளுள் ஒருவருக்கு வீட்டருகே உள்ள தொடக்கப் பள்ளி பொருந்தலாம். மற்றவருக்குச் சிறு குழுவாகக் கற்பிக்கும் சிறப்புப் பள்ளி தேவைப்படலாம். ஒரு பள்ளி நாளைக் கழிக்கக் குழந்தைக்கு என்ன துணை வேண்டும், அதனை அப்பள்ளி உண்மையில் அளிக்குமா என்ற இரண்டையும் ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மதிப்பீடு

பள்ளி தேடுவதற்கு முன் செவித்திறனையும் பார்வையையும் பரிசோதிப்பது இன்றியமையாதது. கவனமில்லாத குழந்தை என்று கருதப்படுபவருக்குக் காது சரியாகக் கேளாமல் இருக்கலாம். வலிப்பு மருந்து உட்கொள்ளும் குழந்தைக்கு வகுப்பில் தூக்கம் வருவதும் உண்டு. நுண்ணறிவு எண் ஒன்றே குழந்தையை விளக்கிவிடாது. எவ்வளவு நேரம் ஓரிடத்தில் அமர்கிறது, பசியையும் வலியையும் எவ்வாறு தெரிவிக்கிறது, தானே உண்கிறதா, கழிப்பறைக்குத் துணை வேண்டுமா, கூச்சலைத் தாங்குமா என்பவற்றையும் மருத்துவ அறிக்கையில் எழுதித் தரும்படி கேளுங்கள். ஆசிரியருக்கு அதுவே பயன்படும்.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகள், அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்க உரிமையுடையவர்கள். அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, "இங்கு இடமில்லை" என்ற வாய்மொழி மறுப்புடன் திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பின்னர் வட்டார வள மையத்தையோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ அணுகுங்கள்.

உள்ள வழிகள்

மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத, ஆனால் பாடத்தை நன்கு புரிந்துகொள்ளும் குழந்தைக்குப் பெரும்பாலும் சாதாரணப் பள்ளியே ஏற்றது. தரைத்தள வகுப்பறை, சாய்தளம், பயன்படுத்தத்தக்க கழிப்பறை, எழுதக் கூடுதல் நேரம் ஆகியவை அங்கு இருக்க வேண்டும். செவித்திறன் குறைந்த குழந்தைக்குப் பேச்சாயினும் சைகையாயினும் ஒரு மொழி இளவயதிலேயே கிடைத்தாக வேண்டும். அம்மொழியில் நாள்தோறும் உரையாடும் ஆசிரியரும் தோழரும் இருக்கும் பள்ளியே நல்லது. அறிவுசார் குறைபாடு மிகுந்த குழந்தைக்கு உடுத்தல், உண்ணல், பணத்தை அறிதல் போன்றவற்றைப் பாடமாகவே கற்பிக்கும் சிறப்புப் பள்ளி உதவும்.

அரசுப் பள்ளிகளில் பயில்வோருக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் துணை செய்கின்றனர். கடுமையான குறைபாடு உள்ளோர் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கவும் சட்டம் இடமளிக்கிறது. எனினும், வெளியே செல்ல இயலும் குழந்தையை வீட்டிலேயே வைத்திருக்க அது காரணமாகிவிடக் கூடாது.

நேரில் காண வேண்டியவை

பள்ளி நடைபெறும் சாதாரண நாளொன்றில் சென்று பாருங்கள். உணவு இடைவேளை வரை இருங்கள். சிறப்புத் தேவையுடைய குழந்தைகள் எங்கே அமர்ந்துள்ளனர்? கடைசி வரிசையில் வேலையின்றி இருக்கின்றனரா? அவர்களுடன் மற்றக் குழந்தைகள் விளையாடுகின்றனரா? கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் யார்? ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதப்படுகிறதா? அடம் பிடிக்கும்போது ஆசிரியர் என்ன செய்கிறார்? பயண நேரத்தையும் கணக்கிடுங்கள். புகழ்பெற்ற பள்ளிக்கு வேனில் நெடுநேரம் சென்று களைத்துப்போகும் குழந்தையால் அங்கு கற்க முடியாது.

காத்திருத்தல் வேண்டா

"பேச்சு வந்தபின் சேர்க்கலாம்" என்று ஆண்டுகளைக் கழிக்கும் குடும்பங்களைக் காண்கிறோம். பேச்சும் பழக்கமும் மற்றக் குழந்தைகளின் நடுவேதான் விரைந்து வளர்கின்றன. இழந்த ஆண்டுகளை ஈடுசெய்வது எளிதன்று.

எடுத்த முடிவை மாற்றவும் கூடும். சேர்த்து மூன்று மாதம் கழித்து ஆசிரியருடன் அமர்ந்து ஆராயுங்கள். நாள்தோறும் காலையில் வயிற்றுவலி என்று அழுதல், நின்றிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், தெரிந்த சொற்கள் குறைதல் ஆகியன தோன்றினால் எங்களிடம் அழைத்து வாருங்கள். சிறப்புப் பள்ளியில் முன்னேறிய குழந்தை பின்னர் சாதாரணப் பள்ளிக்கு மாறுவதும் உண்டு. பொதுத்தேர்வு எழுதுவோருக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உள்ளன. அவற்றுக்கான சான்றுகளை ஒன்பதாம் வகுப்பிலேயே ஆயத்தம் செய்யுங்கள்.

அடுத்த முறை வரும்போது குழந்தையின் பழைய அறிக்கைகளையும், நீங்கள் பார்த்த பள்ளிகளைப் பற்றிய குறிப்புகளையும் கொண்டு வாருங்கள். அவற்றை உங்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, பள்ளிக்கு வேண்டிய மருத்துவக் கடிதத்தை எழுதித் தருகிறோம்.