பிணி வேறு, மூப்பு வேறு

பிணி, மூப்பு, சாக்காடு என மூன்றையும் தனித்தனியே சொல்வது தமிழ் மரபு. பிணி என்பது நோய். மூப்பு என்பது முதுமை. சாக்காடு என்பது இறப்பு. மனித ஆயுளை நீட்டிக்க அறிவியல் மேற்கொண்டுள்ள முயற்சிகளைப் புரிந்துகொள்வதற்கு, பிணிக்கும் மூப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும்.

நம் நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை ஒட்டியுள்ளது. அப்படியானால் அக்காலத்தவர் 32 வயதிலேயே முதுமை அடைந்தனரா? இல்லை. பேரன் பேத்திகளைக் கண்ட பெரியவர்கள் அன்றும் இருந்தனர். ஆனால், பிறந்த குழந்தைகளுள் பலர் சில ஆண்டுகளிலேயே நோய்க்கு இரையாயினர். ஒரு குழந்தை பிறந்தவுடன் இறந்து, மற்றொருவர் 70 வயது வரை வாழ்ந்தால் இருவரின் சராசரி 35 தானே! தடுப்பூசியும் தூய குடிநீரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அத்தகைய இறப்புகளைக் குறைத்தன. பிணி பெருமளவு அடங்கியது, மூப்பு அடங்கவில்லை. சான்றுகளுடன் உறுதி செய்யப்பட்டவருள் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ழான் கல்மான் என்னும் பெண்மணி. 1997-இல் மறைந்தபோது அவருக்கு வயது 122. அவ்வயதை இன்றுவரை எவரும் கடக்கவில்லை.

மூப்பு எங்கே தொடங்குகிறது? நம் உடலின் செல்களிலேயே தொடங்குகிறது. மனித செல்களை ஆய்வகத்தில் வளர்த்தால், அவை ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. இதனை 1961-இல் லியோனார்டு ஹேஃப்லிக் என்பவர் தம் ஆய்வில் காட்டினார். பட்டுச் சேலையின் முந்தானையில் நூல் பிரியாதிருக்கக் குஞ்சம் முடிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, குரோமோசோம்களின் நுனிகளைக் காக்கும் பகுதிக்கு டீலோமியர் என்று பெயர். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது சிறிது குறைகிறது. மிகவும் குறைந்ததும் செல் பிரிவது நின்றுவிடுகிறது.

குறைந்த டீலோமியரை மீண்டும் நீளச் செய்யும் டீலோமரேஸ் என்னும் நொதியும் உண்டு. இவ்வாய்வுகளுக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவரும் 2009-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். அந்த நொதியை எல்லாச் செல்களுக்கும் கொடுத்துவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். சிக்கல் அங்கேதான் உள்ளது. புற்றுநோய்ச் செல்களுள் பெரும்பாலானவை இந்த நொதியைக் கொண்டே ஓயாது பெருகுகின்றன. செல் பிரிவது நிற்பது மூப்புக்கு ஒரு காரணம். புற்றுநோய்க்கு அதுவே ஒரு தடை.

அதே 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வெங்கி ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்த அவர், உங்களைப் போலவே தமிழகத்திற்கு வெளியே, குஜராத்தின் வடோதரா நகரில் வளர்ந்தவர். செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தவர். மூப்பைப் பற்றி 2024-இல் ஒரு நூலையும் எழுதியுள்ளார். ஆயுளை நீட்டுவதாக எழும் ஆரவாரமான அறிவிப்புகளை அவர் எளிதில் ஏற்பதில்லை.

இருப்பினும், நம்பிக்கை தரும் ஆய்வுகளும் உள்ளன. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ராபமைசின் என்னும் மருந்து கிடைத்தது. அத்தீவு மக்கள் தம் தீவை ‘ராப்பா நூயி’ என்பர். மருந்தின் பெயர் அதிலிருந்து வந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்காக அது கொடுக்கப்படுகிறது. முதுமையடைந்த எலிகளும் அம்மருந்தால் கூடுதல் காலம் வாழ்ந்தன என 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால், அது நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கக்கூடியது. மூப்பைத் தள்ளிப்போடப் போய்ப் பிணியை வரவழைத்துக்கொள்ளலாமா?

எலியின் வாழ்நாள் இரண்டு மூன்று ஆண்டுகளே. மனிதரிடம் இதே விளைவை உறுதி செய்யப் பல பத்தாண்டுகள் வேண்டும். ‘இளமை தரும்’ மாத்திரைகளை விளம்பரம் செய்வோர் அதுவரை காத்திருப்பதில்லை என்பது வேறு செய்தி! ஆய்வாளர்களோ இடைவழி ஒன்றைக் கண்டனர். அமெரிக்காவில் வீடுகளில் வளரும் நாய்களுக்கு ராபமைசினைக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினர். நாய்கள் நம் வீட்டிலேயே வாழ்கின்றன. நாம் சுவாசிக்கும் காற்றையே சுவாசிக்கின்றன. நம்மைவிடப் பன்மடங்கு விரைவாக முதுமை அடைகின்றன.