லயம் கலைந்த பிறகும்

மூத்த ராக் குழு ஒன்றின் நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும் ரசிகர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், கிதாரைப் பற்றியோ டிரம்ஸைப் பற்றியோ பேசுபவர்கள் குறைவு. அரங்கம் நிரம்பி வழிந்ததைச் சொல்வார்கள். முதல் வரி தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நின்று பாடியதையும், பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் சொல்வார்கள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டு, அதே மூச்சில், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பார்கள். இசை விமர்சகர்களுக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. பாசத்தில் பேசுகிறார்கள், காதால் கேட்டுப் பேசவில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் ரசிகர்கள் பக்கம் நிற்கிறேன். அந்த இரவில் என்ன நடந்ததோ அதைத்தான் அவர்கள் துல்லியமாகச் சொல்கிறார்கள். பழைய குழுவின் மேடை நிகழ்ச்சியில் பாதி மேடையில் நடக்கிறது, பாதி இருக்கைகளில் நடக்கிறது. இருக்கைகளில் நடப்பதைக் கணக்கில் சேர்க்காத விமர்சனம் அரைக் கணக்கு. மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களை விட்டு ஈப்போவைச் சுற்றி வந்து குடியேறிய தமிழர்களின் கதையோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும்.

மலேசியத் தமிழரிடம் மூத்த குழு என்றால் ஆலிகேட்ஸ் பெயர் வராமல் இருக்காது. 1960களின் இறுதியில் பினாங்கில் உருவான குழு அது. முன்னால் நின்று பாடியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள். குடை விரித்தாற்போன்ற சுருட்டை முடியைப் பார்த்தே தூரத்திலிருந்து அடையாளம் கண்டுவிடலாம். ஹாங்காங் விடுதிகளில் வாசித்துத் தேறித் திரும்பியவர்கள், எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அமைத்துத் தந்த மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் பெயர் வாங்கினார்கள். அவர்களுடைய இசையில் சோல் உண்டு, ஃபங்க் உண்டு, மெல்லிசை உண்டு. ராக் என்ற ஒரே பெட்டிக்குள் அடங்காது. கறாரான ராக் வேண்டுபவர் 1981-இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய ‘சர்ச்’ குழுவைச் சொல்வார். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவும் சிங்கப்பூரில் மேடையேறிய பிறகு மலாயா முழுக்க இளைஞர்கள் மின்கிதாரைத் தூக்கினார்கள். அந்த அலை ஈப்போவையும் தொட்டது. கோப்பெங்கை அடுத்த கிராமத்தில் 1951-இல் பிறந்த கேலிச்சித்திரக் கலைஞர் லாட், ‘டவுன் பாய்’ நூலில் தன் ஈப்போ இளமையை வரைந்திருக்கிறார். அதில் மலாய்ப் பையனையும் சீனப் பையனையும் நண்பர்களாக்குவது ராக் அண்ட் ரோல். காப்பிக்கடைக்கு மேல்மாடியில் எல்விஸ் பாட்டைப் போட்டுவிட்டு, இல்லாத கிதாரைக் கையில் பிடித்து இருவரும் ஆடுவார்கள். பாட்டைச் சேர்ந்து கேட்டதால் உண்டான நட்பு அது.

ஆலிகேட்ஸ் தமிழில் பாடிப் பெயர் வாங்கிய குழு இல்லையே, தோட்டத் தமிழர் அவர்களைத் தம்முடையவர் என்று கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய் வழிக்கு மாறின. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு, ஓராண்டு புகுமுக வகுப்பில் மலாயோடு மல்லுக்கட்டி, பிறகு இடைநிலைப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் அந்த மொழியிலேயே படித்த பிள்ளைகள் ஒரு முழுத் தலைமுறை. வகுப்பில் உச்சரிப்புக்காகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, ‘ஆறுமுகம்’ என்ற பெயருடையவர் அதே மொழியில் பாடி, மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் அந்தப் பாட்டு ஒலிக்கக் கேட்டால் அதற்கு என்ன தோன்றியிருக்கும்? தமிழ்ப் பாட்டுக்குச் சென்னை இருந்தது, இளையராஜா இருந்தார். இந்த நாட்டின் பொதுமேடையில் நம் முகமும் உண்டு என்று காட்ட இந்தச் சகோதரர்கள் இருந்தார்கள். இரண்டும் வேறு வேறு பசி. ஒன்று இன்னொன்றை ஆற்றாது.

பாட்டு காதில் விழுந்த இடத்தையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சார் பேராக்கில்தான் இருக்கிறது. அங்கிருந்து சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் என்று தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர் வந்தது. இசையில் லயம் என்றால் தாள ஒழுங்கு. ஒலி ஒற்றுமையால் நேர்ந்த பொருத்தம்தான், ஆனாலும் எவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது! ஒரே நீளக் கூரை. வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பும் பல லயங்களில் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் வரிசைக்கே தெரியும், ஒரு வீட்டில் ரேடியோ வைத்தால் வரிசையே கேட்கும். விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பால் வெட்டி, வாளியைப் பால் ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களின் பிற்பகலில் ஒரு பாட்டு ஒலித்தால், அது அடுப்படியிலும் வாசலிலும் தண்ணீர்க் குழாயடியிலும் ஒரே நேரத்தில் விழும். ஒருவர் முணுமுணுத்ததை அடுத்த வீட்டில் இன்னொருவர் முடித்துவைப்பார். மாரியம்மன் திருவிழா மேடையில் இசைக்குழு வாசித்ததும் அப்படித்தான், திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டியதும் அப்படித்தான். தனியாக ஒரு பாட்டைக் கேட்பது என்ற வழக்கமே அங்கே இருந்ததில்லை.

அந்த லயம் கலைந்தது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். பிறகு செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் போயின, பலர் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். வீடு கல்வீடாயிற்று, சம்பளம் கூடியது, பிள்ளைகள் படித்தார்கள். தோட்ட வாழ்க்கையின் வறுமையையும் அவமானத்தையும் மறந்து அதைப் பொற்காலம் என்று பாட எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்று போனது போனதுதான். பாட்டு இப்போது காதுக்குள் செருகிய கருவியில் ஒருவருக்கு மட்டும் ஒலிக்கிறது. ஒரே பாட்டை ஒரே கணத்தில் ஐம்பது பேர் கேட்ட அனுபவத்தை எந்த ஒலிப்பதிவாலும் திருப்பித் தர முடியாது. அதைத் தரக்கூடியது மேடைதான்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை என்பதற்கு அறிவியலும் கொஞ்சம் துணை வருகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இயன் தார்ன்லி என்ற ராக் பாடகரைத் தங்கள் ஆய்வரங்கில் பாடவைத்து, கேட்பவர்களின் தலையசைவை அளந்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே பாடல்களின் ஒலிப்பதிவை அதே அரங்கில் போட்டுக்காட்டினார்கள். 2019-இல் வெளிவந்த முடிவின்படி, பாடகர் நேரில் நின்றபோது தலைகள் கூடுதல் வேகத்தோடு அசைந்தன. பாட்டின் தாளத்தோடு ரசிகர்களின் அசைவு மற்றவர்களைவிட நன்றாக ஒட்டியது. அத்தனைக்கும் அவை அப்போது வெளிவராத புதுப் பாடல்கள். பாட்டு தெரியாதபோதே இப்படி என்றால், நாற்பது ஆண்டு மனப்பாடமான பாட்டுக்கு உடம்பு எப்படி அசையும் என்று யோசித்துப் பாருங்கள். மனிதர்கள் தம் வாழ்வில் மிகுதியாக நினைவில் வைத்திருப்பது ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் என்று உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். லயத்தில் வாழ்ந்த கடைசித் தலைமுறைக்கு அந்த வயதும் ஆலிகேட்ஸ் பாட்டுகள் வானொலியில் உச்சத்தில் இருந்த ஆண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

குரல் கெட்டுவிட்டதே, பழைய ஒலிப்பதிவு இதைவிட நன்றாக இருக்கிறதே என்பது அடுத்த தடை. வயதாக ஆகக் குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது, குரல்நாண்கள் நெகிழ்வை இழக்கின்றன, மேல்ஸ்தாயி எட்டாமல் போகிறது. மூத்த குழுக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பாட்டை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிவிடுவார்கள்; அதற்கேற்பக் கிதார் கம்பிகளையும் தளர்த்திக்கொள்வார்கள். அப்படியும் எட்டாத உச்ச வரி வரும்போது பாடகர் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். இது ஏமாற்று என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நீட்டிய ஒலிவாங்கிக்குள் என்ன விழுகிறது என்று அவர்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். ஆண்குரல், பெண்குரல், சுருதி சேராத குரல், ஒரு மாத்திரை பிந்திவரும் பின்வரிசை எல்லாம் கலந்து, முழு அரங்கும் ஒரே சொல்லில் வந்து முடிகிறது. எந்த ஸ்டுடியோவிலும் அது பதிவாகாது. செம்மங்குடி சீனிவாச ஐயர் முதிய வயதிலும் கச்சேரி செய்தபோது, குரலின் கரகரப்பைத் தாண்டி அவருடைய ஞானத்தைக் கேட்கத்தான் ரசிகர்கள் போய் உட்கார்ந்தார்கள். கர்நாடக சங்கீதக்காரருக்குத் தயங்காமல் கொடுத்த அந்த மரியாதையை ராக் பாடகருக்கு மட்டும் மறுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. 2007 ஜூனில் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். பாதி போன பிறகு குழு அதே குழுதானா? உலகத்திலும் இந்தக் கேள்வி எழுந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் ‘ஜர்னி’ குழு அதே 2007-இன் இறுதியில், அவர்களுடைய பாடல்களையே மேடைகளில் பாடிவந்த பிலிப்பீன்ஸ்காரர் ஆர்னெல் பினேடாவை முன்பாடகராகச் சேர்த்துக்கொண்டது. 2021-இல் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்த பிறகும் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ நிற்கவில்லை. பெயர்ப்பலகையை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று இவர்களை ஏசுபவர்கள் உண்டு. எல்லாக் குழுவுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பேராக் தமிழருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. தோட்டம் கைமாறியபோது எத்தனையோ மாரியம்மன் கோயில்கள் இடம் பெயர்ந்தன. மரம் போனது, தகரக் கூரை போனது, சில இடங்களில் சிலையும் புதிது. ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் எங்கிருந்தாலும் வந்து சேர்கிறார்கள்; அது அதே அம்மன் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வந்ததில்லை. வந்து சேரும் கூட்டம்தான் தொடர்ச்சியைச் சுமக்கிறது. ஆலிகேட்ஸ் பாடல்களில் ‘நான் முதலில் போய்விட்டால்’ என்று பொருள்படும் தலைப்புடைய ஒன்று உண்டு: ‘அண்டாய்ஞா அக்கு பெர்கி டூலு’. காதல் பாட்டாகப் பிறந்தது. 2007-க்குப் பிறகு ஆலிகேட்ஸ் மேடையில் அதைக் கேட்கிறவருக்கு லோகநாதன் நினைவு வராமல் போகுமா? இசையமைப்பாளர் எழுதாத பொருளைக் காலமும் கேட்பவர்களும் சேர்ந்து அதற்குள் எழுதிவிட்டார்கள்.

கடைசித் தடைக்கு என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியாது. பழைய குழுக்களுக்கே மேடையும் டிக்கெட் பணமும் போனால் இளையவர்கள் எங்கே வாசிப்பது? உண்மைதான். மலேசியத் தமிழ் இசையில் புதுமை நின்றுவிடவும் இல்லை. யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டு ராப் இசையைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனார்கள். அதன் புகழ்பெற்ற பாட்டு 1980-இல் இளையராஜா இசையமைத்த ‘நிழல்கள்’ படப் பாட்டை அடியாகக் கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் கேட்ட பாட்டு காதில் ஊறியிருந்ததால்தான் பிள்ளைகளால் அதைப் புதிதாக்க முடிந்தது. ஆகவே இருவரையும் பிரித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஈப்போவின் இண்டெரா மூலியா உள்ளரங்கில் ஒரு மூத்த குழுவை ஏற்றும் ஏற்பாட்டாளர், முதல் ஒரு மணி நேரத்தை உள்ளூர் இளைஞர் குழுவுக்குக் கொடுக்கட்டும். முன்வரிசை முழுவதையும் பெரிய மனிதர்களுக்கு ஒதுக்கும் பழக்கத்தை விடட்டும். பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒலிவாங்கியை நீட்டும்போது அவர்களுடைய குரல்தான் முதலில் வர வேண்டும். நிகழ்ச்சி முடிந்து சுங்கை சிப்புட்டுக்கும் தாப்பாவுக்கும் திரும்ப வண்டி இல்லாத வயதானவர்களுக்கு ஒரு பேருந்து பிடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. போகும் வழியெல்லாம் அந்தப் பேருந்தில் பாட்டு நிற்காது.