கவுன்சலிங்கா, கோச்சிங்கா... உங்களுக்கு எது தேவை?

'கவுன்சலிங்' என்றால் இன்ஜினீயரிங் அட்மிஷன், 'கோச்சிங்' என்றால் நீட் தேர்வு... நம் வீடுகளில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் ரொம்ப நாளாக இதுதான் அர்த்தம். இப்போது போனைத் திறந்தால் 'லைஃப் கோச்', 'மைண்ட்செட் கோச்', 'ஃபேமிலி கவுன்சலர்' என்று வரிசையாக விளம்பரங்கள். மனசு சரியில்லாத ஒரு ராத்திரியில் ஏதோ ஒன்றைத் தொட்டு, பணமும் கட்டிவிடுகிறோம். அது நமக்குத் தேவையானதுதானா?

ஒரே வார்த்தை... இரண்டு பேர்!

இரண்டு தோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 38 வயது. குழந்தைகளுக்காக வேலையை விட்டு 10 வருடங்கள் ஆகின்றன. இருவரும் சொல்வது ஒன்றுதான். ''மறுபடியும் வேலைக்குப் போகணும்... ஆனா முடியல!''

முதல் தோழி நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். ரெஸ்யூமை எப்படித் தயாரிப்பது, 10 வருட இடைவெளியைப் பற்றி இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வது, வீட்டு வேலைகளைக் கணவரோடு எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதெல்லாம்தான் அவருடைய குழப்பம். இவருக்கு ஒரு நல்ல கோச் உதவலாம். ''இந்த வாரம் எதைச் செய்து முடிக்கப்போறீங்க?'' என்று கேட்டு, அடுத்த வாரம் அதைச் சரிபார்த்து, குறிப்பிட்ட காலத்துக்குள் இலக்கை அடைய வைப்பதுதான் கோச்சின் வேலை.

இரண்டாவது தோழிக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அம்மா இறந்ததிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. ரெஸ்யூமைத் திறந்தாலே, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று அழுகை வருகிறது. இவருக்கும் வாராவாரம் இலக்கு கொடுத்தால் என்னாகும்? முடிக்க முடியாத ஒவ்வொரு வாரமும், 'இதுலயும் தோத்துட்டேன்' என்ற குற்ற உணர்ச்சிதான் கூடும். இவருக்கு முதலில் தேவை, துக்கத்தை இறக்கிவைக்க ஓர் இடம். அதுதான் கவுன்சலிங்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

'என்ன செய்றதுன்னு தெரியல' என்பது உங்கள் பிரச்னை என்றால், கோச்சிங்கை யோசிக்கலாம். 'என்ன செய்யணும்னு தெரியும், ஆனா மனசு வரல, பயமா இருக்கு, அழுகையா வருது' என்றால், கவுன்சலிங்கில் தொடங்குங்கள்.

தூக்கம், பசி, ஆர்வம் குறைந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவரைப் பார்ப்பது அவசியம். தைராய்டு பிரச்னை, ரத்தசோகை இருந்தாலும் சோர்வும் மனச்சோர்வும் வரலாம். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மாத்திரை தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். கவுன்சலரும் கோச்சும் மாத்திரை எழுதித் தர முடியாது. ''மாத்திரையை நிறுத்துங்க, நான் சரிபண்றேன்'' என்று யாராவது சொன்னால், அவரிடம் மறுபடி போகாதீர்கள்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்!

* ''என்ன படிச்சிருக்கீங்க?'' - கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்.

* ''எங்கே பயிற்சி எடுத்தீங்க?'' - நம் நாட்டில் கோச் ஆவதற்கு அரசு உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் போன்ற அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. அதன் முதல் நிலைச் சான்றிதழுக்கே குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும்.

* ''நான் சொல்றது வெளியே போகுமா?'' - உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சூழல் தவிர, பேசியது ரகசியமாக இருக்க வேண்டும். உங்கள் கதையை, பெயரை மாற்றிக்கூட வீடியோவில் சொல்லக் கூடாது என்று முதலிலேயே கூறிவிடுங்கள்.

* ''எத்தனை முறை வரணும், எவ்வளவு ஆகும்?'' - 'இன்னிக்கே கட்டினா பாதி விலை' என்று அவசரப்படுத்தினால், உஷார்!

செலவு பயமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்க்கலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்து, தமிழிலேயே பேசலாம். 'வாழவே பிடிக்கல' என்ற எண்ணம் உங்களுக்கோ, வீட்டில் யாருக்கோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழையுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டோமே என்று அதிலேயே நிற்கவும் வேண்டாம். அந்த இரண்டாவது தோழி, கவுன்சலிங்கில் மனசு தெளிந்த பிறகு, ரெஸ்யூமோடு ஒரு கோச்சிடம் போகலாம். முதல் தோழிக்கு நடுவில் அழுகை முட்டிக்கொண்டு வந்தால், ''இதுக்கு நீங்க ஒரு கவுன்சலரைப் பார்க்கிறது நல்லதுங்க'' என்று கோச்சே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவரை நம்பி, மற்ற விஷயங்களுக்கு அவரிடமே திரும்பி வரலாம்.