பாட்டியின் முழங்காலும் நான் போட்ட பொய்க் குறிகளும்

“தேய்ஞ்சு போச்சாம்மா. இனிமே இது இப்படித்தான்.”

பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த நாளில் என் பாட்டி சொன்னது இது. அவருக்கு 71 வயது. மறுநாளே தேக்கா சந்தைக்கு நடந்து போவதை நிறுத்திவிட்டார். ஃபேரர் பார்க்கில் உள்ள எங்கள் புளோக்கிலிருந்து சந்தை அதிக தூரமில்லை. ஆனாலும் தேய்ந்த மூட்டை மேலும் தேய்க்கக் கூடாது என்பது அவர் கணக்கு. காய்கறி வாங்கும் வேலை எனக்கு வந்தது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு அவர் பால்குடம் எடுப்பார். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடை அது. “முருகன் புரிஞ்சுக்குவான்” என்று அதையும் கைவிடத் தயாரானார்.

மருந்தகத்தின் மருத்துவர் இயன்முறைச் சிகிச்சைக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, எழுதிக் கொடுத்திருந்தார். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள், இல்லாவிட்டால் ‘கரண்ட்’ வைப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் நான் பாட்டியுடன் போனேன். அந்த இளம் சிகிச்சையாளரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஆன்ட்டி, கையை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடியும்?” பாட்டியால் ஆறு முறைதான் முடிந்தது. 70 வயதைக் கடந்த பெண் குறைந்தது பத்து முறையாவது எழ வேண்டுமாம். பாட்டிக்கு அது ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

“வலிக்குற காலுக்கு எதுக்குப் பயிற்சி?” என்று அவர் கேட்டார். நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

விளக்கம் எளிமையாக இருந்தது. முழங்கால் வலித்தால் நாம் அந்தக் காலைக் குறைவாகப் பயன்படுத்துகிறோம். தொடையின் முன்புறத் தசை மெலிகிறது. நாம் படியிறங்கும்போது மூட்டின் மீது விழும் அதிர்வைத் தாங்கும் தசை அது. தசை மெலிந்தால் சுமை மூட்டின் மீது விழும், வலி கூடும், இன்னும் குறைவாக நடப்போம். இந்தச் சுழலை வலி மாத்திரையால் மட்டும் உடைக்க முடியாது. இன்னொன்றும் சொன்னார். மூட்டில் உள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போது, சுற்றியுள்ள திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. ஓரிடத்திலேயே உட்கார்ந்திருந்தால் மூட்டு ‘மிச்சமாகாது’.

‘தேய்மானம்’ என்ற சொல்லே பாதித் தவறு என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கார் டயரைப் போல மூட்டையும் நினைக்க வைத்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்கால் வலிக்காமல் இருப்பதுண்டு. நன்றாகத் தெரியும் முழங்கால் வலிப்பதும் உண்டு. எழும்போது ‘டக்’ என்று கேட்கும் சத்தம்கூட, வலியோ வீக்கமோ இல்லையென்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதல்ல.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி போட்டுக்கொண்ட ஊசி பாட்டிக்கும் வேண்டியிருந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் முழங்கால் மூட்டழற்சி உள்ள 156 பேரிடம் நடத்திய ஆய்வு 2020ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, மற்றொரு பிரிவுக்கு இயன்முறைச் சிகிச்சை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சிகிச்சைப் பிரிவினருக்கே வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. இதைப் பாட்டியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். “அமெரிக்காக்காரன் தேக்காவுக்கு நடந்தானா?” என்று கேட்டுவிட்டு, பயிற்சிக்குச் சம்மதித்தார்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, படுத்தபடி காலை நீட்டி உயர்த்துவது, மின்தூக்கிக்குப் பக்கத்துப் படியில் ஏறி இறங்குவது. அவ்வளவுதான். பயிற்சியின்போது ஓரளவு வலிக்கலாம். மறுநாளும் அது கூடுதலாகவே நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். மூட்டு திடீரென வீங்கிச் சூடானாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தினமும் அட்டவணையில் குறியிடும் பொறுப்பு என்னுடையது. இங்கேதான் நான் தவறினேன். தேர்வு வாரம் வந்தது. பாட்டிக்கு நினைவூட்ட மறந்தேன்; அவரும் வசதியாக மறந்தார். சிகிச்சைக்கு முந்தைய இரவு இரண்டு வாரத்துக்கும் சேர்த்து வரிசையாகக் குறி போட்டேன், வெவ்வேறு பேனாவில். சிகிச்சையாளர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைக் காட்டினார். பாட்டி ஏழு முறை எழுந்தார், அதற்கு முந்தைய முறையும் ஏழுதான். “வீட்டில் எது கஷ்டமாக இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். பாட்டி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கஷ்டம் வலியல்ல, தனிமை என்று அன்றுதான் தெரிந்தது. அறையில் தனியாகக் காலைத் தூக்கிக்கொண்டிருப்பது பாட்டிக்குச் சலிப்பாக இருந்தது. அதனால் நேரம் மாறியது. இரவுத் தொடர் ஓடும்போது ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் இருவரும் சேர்ந்து எழுந்து உட்கார்ந்தோம். விளம்பரங்கள் இவ்வளவு நீளம் என்று நான் கவனித்ததே இல்லை.

எல்லாருக்கும் இதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். மூட்டு மிகவும் பழுதடைந்து, பயிற்சிக்குப் பிறகும் தூங்கவிடாமல் வலித்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதற்குப் பிறகும் நடக்கப் பழக்குபவர் இயன்முறைச் சிகிச்சையாளர்தான். இந்தத் துறையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு தகவல்: சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2016 முதல் இதில் பட்டப்படிப்பு வழங்கிவருகிறது.

பன்னிரண்டாம் வாரம் பாட்டி 11 முறை எழுந்தார். வலி முழுமையாகப் போகவில்லை. மழை நாளில் இன்னும் முனகுகிறார். ஆனால் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கத் தெரியாத என்னிடமிருந்து சந்தை வேலையைப் பறித்துக்கொண்டார். பால்குடத்துக்கு ஒத்திகையாக, செம்பில் தண்ணீர் நிரப்பிக் கீழ்த்தளத்தில் நடக்கிறார்.

போன வாரம் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “எங்க, நீ எத்தனைன்னு பார்ப்போம்.” முதல் முறை எழுந்ததுமே என் முழங்காலில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.