பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்கள்

மலேசியாவில் வெயில், மழை என இரண்டே பருவங்கள்தான் என்று ஆரம்பப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால், தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் வந்து போகும் நாள்களில் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். எஞ்சியிருக்கும் பால்மரக் காடுகளில் இலைகள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, பிறகு உதிரத் தொடங்கியிருக்கும். தரையெங்கும் சருகு. காற்றடித்தால் இலை மழை.

அண்மைய ஆண்டுகளில் இந்தக் காட்சியைத் தேடிப் போவது இளைஞர்களிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. "கொரியாவுக்கு விமான டிக்கெட் எதற்கு, பேராக் போதும்" என்று எழுதிப் படங்களைப் பகிர்கிறோம். நானும் பல்கலைக்கழக நண்பர்களோடு போயிருக்கிறேன். உண்மையிலேயே அழகுதான். அதே படங்களைக் கைப்பேசியில் என் பாட்டியிடம் காட்டியபோது அவர் சொன்னது வேறு:

"படம் எடுக்க நல்லாத்தான் இருக்கும் கண்ணு. எங்களுக்கு அது கடன் வாங்குற மாசம்."

பாட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இலை உதிர்ந்ததும் மங்கில் விழும் பால் குறைந்துவிடும். எடை குறைந்தால் கையில் வரும் காசும் குறையும். சில வாரம் வெட்டையே நிறுத்திவிட்டுப் புல் வெட்டவும் உரம் போடவும் அனுப்புவார்களாம். கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் அரிசியும் மாவும் கடனாக ஏறும். வீட்டுக்குப் பின்னால் நட்ட மரவள்ளிக்கிழங்கு இரவுச் சாப்பாடாகும். நிழல் போய்விடுவதால் காலை ஒன்பது மணிக்கே காட்டில் வெயில் சுடும்.

பால் ஏன் குறைகிறது? பால்மரத்தின் பால் சர்க்கரைச் சத்திலிருந்து உருவாகிறது. அந்தச் சத்தைத் தயாரிப்பவை இலைகள். வறண்ட மாதங்களில் மரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, சேமித்து வைத்த சத்தைப் புதுத் தளிருக்கும் பூவுக்கும் செலவிடுகிறது. அந்த நேரத்தில் தொடர்ந்து வெட்டினால் மரம் மேலும் சோர்ந்துபோகும். அதனால்தான் அதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மரத்துக்கு ஓய்வு என்பது, வெட்டுபவருக்கு வருமானமில்லாத நாள் என்றும் பொருள்படும்.

இந்தப் பழக்கம் மரம் தன் தாயகத்திலிருந்து கொண்டுவந்தது. பிரேசிலின் அமேசான் காட்டைச் சேர்ந்த இந்த மரத்தின் கன்றுகள் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா வழியாக 1877-இல் இந்த வட்டாரத்துக்கு வந்தன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றில் சிலவற்றைக் கோலகங்சாரில் நட்டார். நாட்டின் மிகப் பழைய பால்மரங்களில் ஒன்று இன்றும் அந்த நகரில் நிற்கிறது. அந்தச் சில கன்றுகளுக்குப் பின்னால் பெருந்தோட்டங்கள் வந்தன. தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள்.

இலை உதிர்வு ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில் வருவதில்லை. வறட்சி முந்தினால் உதிர்வும் முந்தும். தளிர் விடும் நேரத்தில் ஈரமும் குளிரும் சேர்ந்தால், சாம்பல் பூசியதுபோல் ஒரு பூஞ்சணம் இளந்தளிரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மரம் இரண்டாவது முறையும் இலையைக் கொட்டும். வருமானமில்லாத வாரங்களும் நீளும். இதுபோதாதென்று, பெஸ்டலோடியோப்சிஸ் என்ற பூஞ்சணத்தால் பருவம் தவறி இலை உதிரும் நோயும் சில ஆண்டுகளாக மலேசியத் தோட்டங்களைத் தாக்கிவருகிறது. சாலையோரத்தில் நின்று பார்க்கும் நமக்கு எல்லா உதிர்வும் ஒன்றுபோலத் தெரியும். மரத்தை நம்பியிருப்பவருக்கு அப்படியில்லை. இன்று நாட்டின் ரப்பர் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிறுதோட்டக்காரர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்கு அது இன்னமும் கைக்கடிக்கும் காலம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பேராக்கில் பல பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. செம்பனை ஆண்டு முழுவதும் காய்க்கும். மொத்தமாக இலை உதிர்த்து நிற்கும் பருவம் அதற்குக் கிடையாது. ஆகவே, பால்மரம் போகும் இடத்தில் இந்தப் பருவமும் சேர்ந்து போகிறது. தோட்டத்தைவிட்டு ஈப்போவுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அதே காட்டுக்குச் சுற்றுலா போகிறோம் என்பது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. கடன் வாங்கும் நிலை நமக்கு இல்லையே என்று மகிழ்ச்சி. அந்த மரங்கள் நம் வீட்டாருக்கு யாராக இருந்தன என்பது தெரியாமலே படம் எடுத்துத் திரும்புகிறோமே என்று வருத்தம்.

"அப்படியென்றால் அந்தக் காட்டில் உங்களுக்குப் பிடித்தது எதுவுமே இல்லையா?" என்று பாட்டியிடம் கேட்டேன். அவர் உடனே சொன்னார்: "ஏன் இல்ல? புதுத் தளிர் வரும் பாரு, காடே செம்பா மின்னும். அதப் பாத்தா வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும். இன்னும் ஒரு மாசத்துல வெட்டு சரியாயிடும்னு தெரிஞ்சிடுமில்ல."

நாம் சருகைப் படமெடுக்கிறோம். அவர்கள் தளிருக்குக் காத்திருந்தார்கள்.

நண்பர்களே, இந்த ஆண்டும் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். மரத்தில் கட்டியிருக்கும் மங்கைத் தொடாதீர்கள். காய்ந்த சருகின் மேல் தீப்பொறி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மூன்று, நான்கு வாரம் கழித்து அதே இடத்துக்கு மறுபடியும் போங்கள், வீட்டில் மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு. எந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்வார்.